சிறுநீரகத்தில் தங்கும் ஈயம்

ஈயம் என்னும் சொல் தமிழ்ச் சமையலறையில் இரு பொருள் தருகின்றது. இரசம் வைக்கும் ஈயச் செம்பு வெள்ளீயத்தாற் செய்யப்பட வேண்டியது; ஜெர்மன் மொழியில் அது 'சின்'. நஞ்சாகும் காரீயம் அம்மொழியில் 'பிளை'. செம்பிற் காரீயம் கலந்திருப்பின், புளிக்கரைசலின் அமிலம் அதனைக் கரைத்து உணவிற் சேர்க்கும். கண்ணாற் பார்த்து இரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று.

உட்கொள்ளப்படும் ஈயத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை வளர்ந்தோரின் குடல் உறிஞ்சுகின்றது. குழந்தைகளிடத்தில் இது பாதியளவு வரை உயரக்கூடும். குருதியிற் கலந்த ஈயம் பெரும்பாலும் சிறுநீரின் வழியே வெளியேறுகின்றது. எனினும் அனைத்தும் வெளியேறுவதில்லை. வடிகட்டப்பட்ட நீரிலிருந்து உடலுக்கு வேண்டியவற்றை மீட்டெடுப்பது சிறுநீரகக் குழாய்களின் முதற்பகுதியிலுள்ள கலங்களின் பணி. அக்கலங்கள் சிறு புரதங்களுடன் ஈயத்தையும் சேர்த்தே மீட்டுக்கொள்கின்றன. பின்னர் அதனைப் புரதத்துடன் பிணைத்துத் தம் கருவினுள் சிறு திரள்களாக ஒதுக்கிவைக்கின்றன. ஒருவகையில் இது தற்காப்பே. ஆயினும் ஆண்டுக்கணக்கில் ஈயம் வந்து சேருமாயின் கலங்கள் நலிந்து, அவற்றைச் சூழ்ந்த இழையம் தழும்பாகின்றது. யூரிக் அமிலம் தேங்கி மூட்டு வீங்கலாம். குருதி அழுத்தம் உயரலாம். சிறுநீரோ வழக்கம்போலவே பிரியும்; வலியும் இராது. வழமையான கிரியாட்டினின் பரிசோதனை, சிறுநீரகத்தின் பெரும்பகுதி செயலிழந்த பின்னரே மாற்றத்தைக் காட்டும்.

வளர்ந்தோர் உடலிலுள்ள ஈயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பங்கு எலும்பிலேயே பல்லாண்டுகள் தங்கி, சிறிது சிறிதாகக் குருதிக்குத் திரும்புகின்றது. ஆகவே செம்பை அகற்றிய அன்றே சிறுநீரகத்தின் சுமை தீர்ந்துவிடுவதில்லை.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இவ்வுண்மை கசப்பான முறையில் அறியப்பட்டது. வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளிற் பூசிய ஈயச் சாயமே குழந்தைகளின் நோய்க்குக் காரணம் என 1904இல் வைத்தியர் லொக்ஹார்ட் கிப்சன் எழுதினார். குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் அச்சாயத்தைத் தடுக்கும் சட்டம் 1922இலேயே வந்தது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளுக்கு எந்தச் சட்டமும் ஈடுசெய்யவில்லை: அக்குழந்தைகளிற் பலர் இளவயதிலேயே சிறுநீரக நோயால் மாண்டதை 1954இல் ஹென்டர்சனின் ஆய்வு வெளிப்படுத்தியது.

ஊரிலிருந்து வரும் செந்தூரம், பற்பம் போன்ற மருந்துகளிலும் ஈயம் இருக்கலாம். இணையத்தில் விற்கப்பட்ட ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்து 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் காணப்பட்டது. இத்தகைய மருந்தையோ ஐயத்துக்குரிய செம்பையோ நெடுநாள் பயன்படுத்தியவர்கள், குறிப்பாகக் கருவுற்ற பெண்கள், அதனைக் குடும்ப வைத்தியரிடம் மறைக்காது கூறுதல் வேண்டும். மருந்துக் குப்பியை உடன் கொண்டுசென்று, 'பிளை' என்ற சொல்லைக் குறிப்பிட்டு, குருதியில் ஈய அளவைப் பரிசோதிக்குமாறு கேட்கலாம். நஞ்சு பற்றிய அவசர ஆலோசனைக்குச் சுவிட்சர்லாந்து முழுவதும் 145 என்ற இலக்கம் இரவு பகலாக இயங்குகின்றது.