ஐம்பது ரூபாயில் நான்கு கிறிஸ்துமஸ் பரிசுகள்



எங்க அப்பா சைக்கிளில் மீன் விற்பவர். மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் படகு கடலுக்குப் போகாது. அப்போ அப்பாவுக்கும் வியாபாரம் கிடையாது. போன வருஷம் டிசம்பரில் அப்படித்தான் ஆயிற்று. "இந்தத் தடவை துணி மட்டும்தான். வேற ஒண்ணும் கேக்காதீங்க" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். தம்பி மட்டும் ஓடுற கார் வேணும்னு அழுதான். நான் உண்டியலை உடைத்தேன். 50 ரூபாய் இருந்தது.

கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் குழந்தை இயேசுவுக்குப் பொன், தூபம், வெள்ளைப்போளம் கொடுத்தார்கள். 50 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்? அதனால் "என்ன வாங்கலாம்?" என்று யோசிக்காமல், "வீட்டில் யாருக்கு என்ன கஷ்டம்?" என்று ஒரு வாரம் கவனித்து ரஃப் நோட்டில் எழுதினேன். அதில் கிடைத்தவைதான் இந்த நான்கும்.

1. அப்பாவுக்குக் கணக்கு நோட்டு

அப்பா கடன் பாக்கியைத் துண்டுச் சீட்டில் எழுதுவார். ஒருநாள் சீட்டு சட்டையோடு துவைபட்டு 300 ரூபாய் கணக்கு போச்சு.

செய்முறை: பழைய நோட்டின் பின்னைத் தூக்கி, எழுதாத இரட்டைத் தாள் 10 எடுக்கவும். நடுவில் வெட்டினால் 20 தாள். ஒவ்வொன்றையும் மடித்து, ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் 80 பக்கம். மடிப்பில் மூன்று ஓட்டை போடவும். நடு ஓட்டையில் உள்ளிருந்து ஊசியை வெளியே விட்டு, மேல் ஓட்டையில் உள்ளே வந்து, கீழ் ஓட்டையில் வெளியே போய், மறுபடி நடு ஓட்டையில் உள்ளே வந்து முடிச்சுப் போடவும். மேலே அட்டை, அதற்கு மேல் பாலிதீன் உறை. மீன் தண்ணி பட்டாலும் நனையாது.

2. அம்மாவுக்குப் பித்தவெடிப்பு மருந்து

அம்மா நடவுக்குப் போவதால் குதிகால் முழுக்க வெடிப்பு. வெள்ளை மெழுகுவர்த்தியைச் சீவி 1 ஸ்பூன், தேங்காய் எண்ணெய் 4 ஸ்பூன் ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதைச் சுடுதண்ணீருக்குள் வைத்துக் கரைக்க வேண்டும். நேராக அடுப்பில் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கணும். நான் முதல் தடவை எண்ணெயைக் குறைத்து ஊற்றியதால் கல் மாதிரி இறுகிவிட்டது. திரும்ப உருக்கி எண்ணெய் சேர்த்தேன். இரவில் காலைக் கழுவித் துடைத்துவிட்டுப் பூசலாம். எரிச்சல் வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

3. ஆச்சிக்குச் சுருக்குப்பை

ஆச்சி வெற்றிலையைப் பாலிதீன் பையில் வைப்பார்கள். வேர்த்து அழுகிவிடும். பழைய நூல் சேலைத் துண்டை மடித்து இரண்டு பக்கமும் தைத்தேன். வாய்ப்பக்கம் இரண்டு விரல் அகலம் மடித்துத் தைத்து, இரண்டு கயிற்றை எதிரெதிர்ப் பக்கமாகக் கோத்தேன். இரண்டையும் இழுத்தால் பை மூடிக்கொள்ளும்.

4. தம்பிக்கு ரப்பர் பேண்ட் கார்

இதில் நம் அறிவியல் பாடமும் இருக்கிறது. அட்டைப்பெட்டிதான் வண்டி. பழைய ரப்பர் செருப்பில் நான்கு வட்டம் வெட்டினால் சக்கரம். சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட போக்ஸ் கம்பி அச்சு. ரப்பர் பேண்டின் ஒரு முனையை முன்பக்கம் கட்டி, மறுமுனையைப் பின் அச்சின் நடுவில் சின்னக் கொக்கியில் மாட்டவும். வண்டியைப் பின்னால் உருட்டினால் ரப்பர் அச்சில் சுற்றி இழுபடும். அப்போது அதில் இருப்பது நிலை ஆற்றல். விட்டதும் அது இயக்க ஆற்றலாக மாறி வண்டி ஓடும்.

என் வண்டி முதலில் ஓடவே இல்லை. அச்சு மட்டும் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை. அப்புறம் சக்கரத்தை அச்சோடு பசை வைத்து ஒட்டினேன். செருப்பு ரப்பருக்கு உராய்வு அதிகம் என்பதால் சிமெண்டுத் தரையிலும் வழுக்காமல் ஓடியது.

கணக்கு: தடித்த நூல் 10, சார்ட் அட்டை 10, பசை 10, ரப்பர் பேண்ட் 5, மெழுகுவர்த்தி 5. மொத்தம் 40 ரூபாய். மீதி 10 ரூபாய்க்குக் கடலை மிட்டாய் வாங்கினேன்.

கிறிஸ்துமஸ் அன்று தம்பி மத்தியானம் சாப்பிடவே வரவில்லை. ஆச்சி பழைய பாலிதீன் பையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ராத்திரி மறக்காமல் காலில் பூசினார்கள். அப்பா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்தில் "மகளுக்குத் தர வேண்டிய பாக்கி 50 ரூபாய்" என்று எழுதினார். இன்னும் தரவில்லை! நானும் கேட்கவில்லை.

தோழர்களே, தோழிகளே! கிறிஸ்துமஸ்தான் என்று இல்லை. பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் செய்யலாம். முதலில் ஒரு வாரம் வீட்டில் உள்ளவர்களைக் கவனியுங்கள். என்ன செய்வது என்று தானாகத் தெரியும். செய்து பார்த்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி