கேப்டன் லட்சுமி

போர்க்களத்தில் பட்ட வீரனுக்கு நடுகல் நாட்டி, அதில் அவன் பெயரைப் பொறித்து வழிபட்டனர் பண்டைத் தமிழர். களத்தினின்று மீண்டு வந்து, அதன் பின்னும் அறுபது ஆண்டுகள் பிறர்க்கென உழைத்த ஒருவரை எங்ஙனம் போற்றுவது? கேப்டன் லட்சுமி அம்மையாரின் வரலாற்றைப் படிக்குங்கால் இவ்வினா நம் உள்ளத்தில் எழுகின்றது.

அம்மையார் 1914ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சுவாமிநாதன் சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞர். தாயார் அம்மு சுவாமிநாதன், பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற பெண்மணியருள் ஒருவர். செல்வக் குடியிற் பிறந்த லட்சுமி, 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மகப்பேறு மருத்துவத்திலும் தேர்ச்சியடைந்தார். 1940இல் சிங்கப்பூர் சென்று, ஆங்குக் கூலி வேலை செய்து வந்த ஏழை இந்தியர்க்கு மருத்துவம் புரியலானார்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆங்கிலேயர் சிங்கப்பூரை ஜப்பானியரிடம் ஒப்படைத்துச் சரணடைந்தனர். அடுத்த ஆண்டு ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அங்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். பெண்களுக்கெனத் தனிப் படை ஒன்று வேண்டும் என்று அவர் கூறியபோது, அதனைத் திரட்டும் பொறுப்பை லட்சுமி ஏற்றுக் கொண்டார். செழித்து வந்த மருத்துவத் தொழிலைத் துறந்து, இராணுவ உடை தரித்தார். ஜான்சி ராணியின் பெயர் தாங்கிய அப்படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபரில் திறக்கப்பட்டது.

அப்படையிற் சேர்ந்தவர் யாவர்? மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிப் பிழைத்த தமிழ்ப் பெண்கள் அவருட் பலர். இந்திய மண்ணை ஒருமுறையேனும் கண்ணாற் கண்டிராதவரும் அவர்களிடையே இருந்தனர். காணாத நாட்டுக்காக உயிரையும் தர முன்வந்த அவர்களுட் பெரும்பாலோரின் பெயர்களை இன்று நாம் அறியோம். அம்மையாரைப் போற்றும்பொழுது அவர்களை மறத்தல் தகாது.

படை பர்மாவுக்குச் சென்றது. ஆயினும் பெண்கள் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. மேமியோ நகரில் காயமுற்றுக் கிடந்த வீரர்க்குப் பணிவிடை செய்தனர். துப்பாக்கி பிடிக்கக் கற்ற கைகள் புண்ணுக்குக் கட்டுப் போட்டன! போர் தோல்வியில் முடிந்தது. 1945இல் லட்சுமி ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, பர்மாவில் காவலில் வைக்கப்பட்டார். 1946 மார்ச்சில் தாயகம் திரும்பினார்.

1947இல், செங்கோட்டை வழக்கில் விசாரிக்கப்பட்ட படைத்தலைவர் மூவருள் ஒருவரான பிரேம்குமார் சேகலை மணந்து கான்பூரில் குடியேறினார். நாடு பிளவுண்டமையால் வீடு வாசல் இழந்து வந்த அகதிகள் பலர் அவருடைய மருத்துவ நிலையத்தை நாடினர். இந்துவோ முஸ்லிமோ, யாவரையும் அவர் ஒப்பவே நோக்கினார். 1971இல் வங்க தேசத்து அகதிகள் வந்து குவிந்தபொழுது கல்கத்தா சென்று தொண்டாற்றினார். போபாலில் 1984 டிசம்பரில் நச்சுவாயு பரவி மக்கள் மடிந்தபொழுது மருத்துவக் குழுவொன்றை அழைத்துச் சென்றார். அப்போது அவருக்கு வயது எழுபது.

அதே ஆண்டில் இந்திரா காந்தி அம்மையார் கொலையுண்டபின் சீக்கியர்மீது கலகக் கும்பல்கள் பாய்ந்தன. கான்பூர்த் தெருவில் இறங்கி அக்கும்பலை எதிர்த்து நின்றார் லட்சுமி. அவருடைய மருத்துவ நிலையத்தைச் சூழ்ந்த நெருக்கமான பகுதியில் சீக்கியர் எவரும் தாக்கப்படாமற் காத்தார். பர்மாக் காட்டில் காட்டிய துணிவினும் இதுவே பெரிது என எமக்குத் தோன்றுகிறது. அங்கே உடன் ஒரு படை இருந்தது அன்றோ?

1998இல் அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கியது. 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்று தோற்றார். விருதும் தோல்வியும் அவரது அன்றாட அலுவலை மாற்றவில்லை. தொண்ணூறு வயது கடந்த பின்னரும் நாள்தோறும் நோயாளிகளைக் கவனித்து வந்தார்.

2012 ஜூலை 23ஆம் நாள், தொண்ணூற்றேழாம் வயதில் அம்மையார் மறைந்தார். அவருடைய விருப்பப்படி, உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரி மாணவர் பயிலுதற்பொருட்டு வழங்கப்பட்டது.