முலாம்பழத்தின் மணம்

நன்கு பழுத்த முலாம்பழம் வீட்டிலிருப்பின், கண் காணுமுன்னரே மூக்கு அதனை அறிந்துகொள்ளும். மாணவர்களே! அம்மணம் யாது? அது கனியில் எங்ஙனம் தோன்றுகிறது? அதனால் நோய்க்கு மருந்து கிட்டுமோ? இவற்றை ஈண்டுக் காண்போம்.

மணம் என்பது காற்றிற் கலந்து பரவும் நுண்ணிய மூலக்கூறுகளின் செயலேயாம். முலாம்பழத்தில் அத்தகையன பல உள. அவற்றுள் தலையாயவை எஸ்டர்கள். ஆல்கஹால் இனப் பொருளும் அமில இனப் பொருளும் நொதியின் துணையால் இணையுங்கால் எஸ்டர் பிறக்கும். இனிய கனிமணம் அதனாலாயது. ஒன்பது கரியணுக்களையுடைய ஆல்டிஹைடுகள் வெள்ளரியை நினைவூட்டும் பசுமணம் தரும். கந்தகம் கலந்த எஸ்டர்கள் அளவிற் சிறியனவாயினும், மணத்திற் பெரும்பங்கு உடையன.

காயில் இல்லாத மணம் கனியில் வருவது எதனால்? பழுக்குங்காலத்து, மணமிக்க வகைகள் எத்திலீன் என்னும் வாயுவைத் தாமே தோற்றுவிக்கின்றன. எஸ்டர்களை ஆக்கும் நொதிகளை எழுப்புவது அவ்வாயுவே. பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர், எத்திலீன் மிகக் குறைவாகத் தோன்றும் முலாஞ்செடியை மரபணு முறையால் உருவாக்கி, 1996இல் அதுபற்றி எழுதினர். அச்செடியின் கனிகளில் சதையின் நிறமும் இனிப்பும் குன்றவில்லை. மணமோ பெரிதும் குன்றிற்று. இனிப்பு வேறு, மணம் வேறு என்பது இதனால் தெளிவாயிற்று.

இனி, மருத்துவப் பயனை நோக்குவோம். ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகர்ப் பகுதியில் 'கட்சுரா ஊரி' என்னும் முலாவகை நெடுங்காலமாகப் பயிரிடப்படுகிறது. அதன் காயை ஊறுகாயாக்குவர். நன்கு பழுத்தால் அது நறுமணம் கமழும். அக்கனியினின்று பிரித்த கந்தக எஸ்டர் ஒன்றனைப் பெருங்குடற் புற்றுநோய் உயிரணுக்களின்மீது செலுத்தி ஆராய்ந்த அந்நாட்டு அறிஞர், முடிவுகளை 2008இல் வெளியிட்டனர். நலமுள்ள உயிரணு முதிர்ந்து தன் தொழிலைச் செய்யும். புற்றணுவோ முதிராது பெருகிக்கொண்டே இருக்கும். அவ்வெஸ்டர் பட்ட புற்றணுக்கள் முதிர்ச்சியை நோக்கித் திரும்பும் அறிகுறிகளைக் காட்டின.

இது வியக்கத்தக்க செய்தியே. எனினும், இங்கு நாம் நிதானம் இழத்தல் ஆகாது. ஆய்வு நிகழ்ந்தது கண்ணாடிக் கலத்தில். மனித உடலில் அன்று. உண்ட பொருள் குடலிற் செரித்து, குருதியிற் கலந்து, கல்லீரலில் மாறுபடும். கலத்திலிட்ட அளவு உடலுள் நோயுற்ற இடத்தைச் சென்றடையும் என்று கொள்ளல் இயலாது. மேலும், கலத்தில் புற்றணுவை வென்ற பொருள்கள் பல, பின்னர் மனிதரிடத்தே பயன்படாது போயின. ஆதலின், 'முலாம்பழம் புற்றுநோயைத் தீர்க்கும்' என்று எவரேனும் கூறின், அதனை நம்பற்க. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தத்தக்க புற்றுநோய்கள் பல உள. பழத்தை நம்பி மருத்துவரை அணுகாது காலங்கடத்துவோர் அந்நல்வாய்ப்பை இழப்பர். சில வேளைகளில் உயிரையும் இழப்பர்.

முலாம்பழத்தை உண்க, அதன் மணத்தை நுகர்ந்து மகிழ்க. நோயுற்றாரைக் காணின், மருத்துவரிடம் அழைத்துச் செல்க. ஓர் ஆய்வு எதனைக் கண்டது, எதனைக் காணவில்லை என்று பிரித்தறிதலே கல்வியின் பயனாம்.