எந்த எடை ஏற்ற எடை?
(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

பள்ளி திறந்த ஜூன் மாதத்தில், குண்டு எறிதலுக்குப் பெயர் கொடுத்த நாங்கள் ஐவரும் விளையாட்டு அறைக்குள் நுழைந்து, இருந்தவற்றுள் பெரிய குண்டையே எடுத்துக்கொண்டோம். அது 4 கிலோ. பெரியதைப் பழகிவிட்டால் சிறியது பந்துபோலப் பறக்கும் என்பது எங்கள் கணக்கு. மூன்று வாரங்கள் கழிந்தன. ஒருத்திக்குத் தோள்வலி வந்தது. மற்ற நால்வருக்கும், சென்ற ஆண்டு 3 கிலோ குண்டில் எறிந்த தூரம்கூட இப்போது அதே குண்டில் வரவில்லை! எங்கே தவறினோம் என்று ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு உலகப் போட்டிகளிலும் 3 கிலோ குண்டுதான். 4 கிலோ அதற்கு மேற்பட்ட பெண்களுக்கு உரியது. இதை விளையாட்டு ஆசிரியை சொன்ன பிறகே அறிந்தோம். ஆனால் விதியைக் காட்டிலும் காரணம் முக்கியமன்றோ? அது நம் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது.

வலிமை வேறு, திறன் வேறு. செய்த வேலையை அதற்கு எடுத்துக்கொண்ட காலத்தால் வகுத்தால் கிடைப்பது திறன். 10 கிலோ எடையை அரை மீட்டர் உயர்த்தினால் செய்யும் வேலை 49 ஜூல். அதைத் திக்கித் திணறி இரண்டரை வினாடியில் உயர்த்தினால் திறன் 19.6 வாட். 5 கிலோவை அதே உயரத்துக்கு அரை வினாடியில் உயர்த்தினாலோ, வேலை 24.5 ஜூல்தான், திறன் 49 வாட்! அப்படியானால் மிக இலேசானதே நல்லது என்று எண்ணிவிடலாகாது. 160 கிராம் கிரிக்கெட் பந்தை ஐந்தில் ஒரு வினாடியில் உயர்த்தினாலும் 4 வாட்டுக்குச் சற்றுக் குறைவாகவே வரும். கையின் எடை முதலிய நுட்பங்களை இக்கணக்கில் விட்டுவிட்டோம். எனினும், திறனை வளர்ப்பது நடுத்தர எடை என்பது விளங்கும். கையை எதிர்த்து நிற்கும் அளவுக்குக் கனமும், விரைந்து நகரும் அளவுக்கு இலேசும் அதற்கு வேண்டும். 4 கிலோவோடு நாங்கள் பழகியதெல்லாம் மெதுவாகத் தள்ளுவதைத்தான்.

எடை என்றால் இரும்புதான் என்பதில்லை. நம் உடம்பே ஓர் எடை. எங்களுள் 42 கிலோ எடையுள்ள ஒருத்தி, எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் கைகளை ஊன்றித் தண்டால் நிலையில் நின்றாள். முள் 27 கிலோவைக் காட்டியது. முழங்காலைத் தரையில் ஊன்றியபோது ஏறக்குறைய 21 ஆயிற்று. இயந்திரத்தை பெஞ்சின்மேல் வைத்துச் செய்தபோது இன்னும் குறைந்தது. சுவரில் சாய்ந்து செய்தால் எல்லாவற்றிலும் குறைவு. ஆகவே சுவர், பெஞ்சு, முழங்கால், தரை என்று படியேறினால் காசில்லாமலே எடையைக் கூட்டிக்கொள்ளலாம்.

கைக்கு வேண்டிய எடைகளை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் செய்தோம். தண்ணீர் நிரப்பினால் 1 கிலோ. உலர்ந்த மணல் நிரப்பினால் ஒன்றரைக் கிலோவுக்கு வரும். (காவிரி பக்கத்திலேயே ஓடினாலும் ஆற்று மணலில் கை வைக்கக் கூடாதென்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வீடு கட்டுமிடத்தில் கேட்டு வாங்கினோம்.)

இனித் தேர்ந்தெடுக்கும் முறை. ஓர் எடையை முதுகு வளையாமல், மூச்சை அடக்காமல் பத்துப் பன்னிரண்டு முறை தூக்கிப் பார்க்க வேண்டும். கடைசி இரண்டு முறை கடினமாகவும், ஆனால் ஒழுங்கு கெடாமலும் இருந்தால் அதுவே முதற்கட்டத்துக்கு ஏற்ற எடை. ஆறாவது முறையிலேயே தோள் காதை நோக்கி ஏறினால் எடை அதிகம். இவ்வாறு சில வாரங்கள் பழகி வலிமை வந்த பின்பே வேகப் பயிற்சி. அதற்கு இன்னும் இலேசான எடையை எடுத்து, ஐந்து முறை மட்டும், இயன்ற விரைவோடு தள்ள வேண்டும். நாங்கள் 2 கிலோ மெடிசின் பந்தை நெஞ்சிலிருந்து எதிரே நிற்பவளிடம் தள்ளுகிறோம். வேகம் குறைந்த உடனே நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. களைத்த பிறகு தள்ளுவது இப்பயிற்சிக்கு உதவாது. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், இடையில் ஒரு நாள் விட்டுச் செய்தால் போதும். எடையைக் கூட்டும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதில்லை.

எடையைத் தேர்வது பெரிய வீராங்கனைகளுக்கும் எளிதன்று. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் பெண்கள் பளுதூக்குதல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் ஆந்திரத்தின் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் 110, 130 என மொத்தம் 240 கிலோ தூக்கினார். முதல் இருவரும் தூக்கியது 242.5 கிலோ. கடைசி வாய்ப்பில் அவர் கேட்டது 137.5 கிலோ. தூக்கியிருந்தால் தங்கம், ஆனால் முடியவில்லை. வெண்கலத்தோடு, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். அவ்வளவு பெரிய மேடையில் துணிந்து கேட்டது அவருக்குத் தகும். பயிற்சியில் தினமும் அப்படிக் கேட்பது நமக்குத் தகாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எடை தூக்கினால் பெண்கள் வளரமாட்டார்கள் என்ற பேச்சு எங்கள் வீடுகளிலும் எழுந்தது. தெரிந்தவர் மேற்பார்வையில், அளவான எடையோடு செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாகச் சான்று இல்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளோர் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனமே கூறுகிறது.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு அம்மிணி இரும்புக் குண்டு?" என்று எங்களுள் ஒருத்தியின் அம்மாயி கேட்டார். கம்பு இடித்த காலத்தில் அவர் வீட்டில் இரண்டு உலக்கைகள் இருந்தனவாம். நாங்கள் பெரியதையே தூக்கிப் பார்த்தோம். அவர் சிரித்துவிட்டு, "அத எடுத்தா நாலு இடிக்கு நின்னு போவீங்க சாமி. சின்னதுல சளைக்காம இடிச்சாத்தான் கம்பு மாவாகும். நானே கல்யாணத்துக்கப்புறந்தான் பெருசத் தொட்டேன்" என்றார். நாங்கள் வாட் கணக்குப் போட்டுக் கண்டதை அவர் உரலடியிலேயே கண்டிருக்கிறார்!

தோள்வலி வந்தவள் ஒரு மாத ஓய்வுக்குப் பின், மருத்துவர் அனுமதியோடு, சுவர்த் தண்டாலிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கிறாள். மணல் பாட்டில்கள் விளையாட்டு அறையின் இடப்பக்க மூலையில் உள்ளன. எட்டு, ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் புதன், வெள்ளி மாலைகளில் வரலாம். 4 கிலோ குண்டு இருக்கும் மேல் தட்டுக்கு மட்டும் இப்போதைக்குக் கை நீட்ட வேண்டாம்.