ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

ஐன்ஸ்டைன் சொன்னது தப்பு என்று நிரூபித்துவிட வேண்டும் என்ற ஆசை உங்களில் சிலருக்கு உண்டு. நல்ல ஆசைதான், விட்டுவிடாதீர்கள். ஆனால் 2011இல் இத்தாலியில் நடந்ததை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

1. வந்த எண்ணை உடனே நம்பாதீர்கள், ஒளித்தும் வைக்காதீர்கள். ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள், 730 கி.மீ. தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் இருந்த ஓபெரா கருவிக்கு, ஒளியைவிடச் சுமார் 60 நானோ விநாடி முந்தி வந்ததாகக் கணக்கு காட்டியது. குழுவினர் மாதக்கணக்கில் துருவிப் பார்த்தும் காரணம் அகப்படவில்லை. செப்டம்பரில் முடிவை அப்படியே வெளியிட்டு, பிழை எங்கே என்று நீங்களும் பாருங்கள் என்று மற்றவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அந்த நேர்மையை நான் மனதார மதிக்கிறேன்.

2. பழைய சான்றுகளையும் கேளுங்கள். சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்த ஒரு விண்மீனின் நியூட்ரினோக்கள் 1987இல் நமக்கு வந்தன. வெடிப்பின் ஒளிக்குச் சில மணி நேரம்தான் முன்னால். ஓபெரா காட்டிய வேகம் அவற்றுக்கும் உண்டென்றால் சுமார் 4 ஆண்டுகள் முந்தி வந்திருக்க வேண்டும். நிலைபெற்ற கோட்பாட்டுக்குப் பின்னால் இப்படி எத்தனையோ அளவீடுகள் நிற்கின்றன. ஒரே ஒரு புது எண் அத்தனைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

3. திரும்பச் செய்வது வேறு, வேறு வழியில் செய்வது வேறு. இதைத்தான் பிள்ளைகள் அதிகம் தவறவிடுகிறார்கள். ஓபெரா குழு மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்பி மறுபடி அளந்தது. அப்போதும் அதே 60தான். கடிகாரமும் அதுவே, கேபிளும் அதுவே என்றால் பிழை மட்டும் எப்படி மாறும்? காரணம் பிறகுதான் அகப்பட்டது: ஜி.பி.எஸ். நேரத்தைக் கொண்டுவந்த ஒளியிழை கேபிள் இணைப்பில் சரியாகத் திருகப்படாமல் இருந்தது. உள்ளே வந்த ஒளி மங்கியதால் நேரக்குறி தாமதமாகப் பதிந்தது. ஓபெராவின் நேரம் பின்தங்கியதால் நியூட்ரினோ முந்தியதுபோல் தெரிந்தது. அதே மலைக்குள் இன்னொரு கருவியும் இருந்தது. இரு கருவிகளையும் கடந்து சென்ற மியூவான்களின் பழைய பதிவுகளை ஒப்பிட்டபோது, 2008 முதலே ஓபெராவின் நேரம் தள்ளிப்போயிருந்தது உறுதியானது. 2012இல் ஐகாரஸ் என்ற வேறொரு குழு தனியாக அளந்தது. ஒளியின் வேகம்தான் வந்தது.

4. ஒரு பிழை அகப்பட்டதும் எழுந்துவிடாதீர்கள். ஓபெராவில் கடிகாரத்திலும் ஒரு பிழை இருந்தது, எதிர்த்திசையில். ஒன்று மற்றொன்றில் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருந்தது.

5. எதிர்பார்த்த விடை வந்தாலும் இதே அளவு சந்தேகப்படுங்கள். ஐன்ஸ்டைனுக்கு முரணாக வந்ததால் அந்தக் கேபிளைத் தேடினார்கள். ஒத்துவந்திருந்தால் யார் தேடியிருப்பார்? மில்லிக்கன் எண்ணெய்த்துளிகளைக் கொண்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தபோது, காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு சரியில்லை. விடை அரை சதவீதத்துக்குமேல் குறைந்துபோனது. எண்ணெய்த்துளியையே தொடாமல், எக்ஸ் கதிரால் படிக அடுக்குகளை அளந்து அதே மின்னூட்டத்தைக் கணக்கிட்டவர்கள் வந்த பிறகுதான், 1930களில், அது வெளிச்சத்துக்கு வந்தது.