நெவில் இல்லத்தில் இராமானுஜன்

நுழையும்முன்

கிருஷ்ணகிரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ அடுகோடிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துக் குழந்தையொன்று புதிய பள்ளியில் முதல்நாள் அமர்ந்திருக்கிறது. அருகில் இருப்போர் கன்னடத்தில் ஏதோ பேசிச் சிரிக்கின்றனர். பொருள் விளங்காவிடினும் அதுவும் உடன் சிரிக்கிறது. குடிநீர்க் குழாய் எங்கே உள்ளது என்று கேட்க நாவெழாமல் மாலைவரை தாகத்தோடு இருந்துவிடுகிறது. இத்தயக்கம் சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. 26 வயதில் கடல் கடந்து சென்ற கணிதமேதை இராமானுஜனிடமும் அது இருந்தது.

பாடம்

1914ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கேம்பிரிட்ஜ் திரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த கணித அறிஞர் நெவில், சொற்பொழிவாற்றச் சென்னைக்கு வந்தார். அதற்கு ஓராண்டுக்கு முன்பே அக்கல்லூரியின் மற்றோர் அறிஞரான ஹார்டிக்கு இராமானுஜன் தம் கண்டுபிடிப்புகளை மடலாக எழுதி அனுப்பியிருந்தார். ஹார்டி அழைத்தபோது அவர் இசையவில்லை. கடல் கடத்தல் குலவொழுக்கத்திற்கு மாறானது என்று குடும்பத்தார் கருதிய காலம் அது. நெவிலிடமோ அவர் தம் குறிப்பேட்டையே எடுத்துக் காட்டினார். இங்கிலாந்துக்கு வர இயலுமா என்று நெவில் வினவினார். மறுப்பையே எதிர்பார்த்திருந்த அவர் வியக்குமாறு இராமானுஜன் உடன்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை அளித்தது. அதில் ஒரு பகுதி ஊரிலுள்ள குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணியில் சேர்ந்தவர்க்கு இது பெருந்தொகையே.

ஆயினும் பணத்தால் ஈடுசெய்ய இயலாத இழப்பும் இருந்தது. புறப்படுமுன் அவரது குடுமி களையப்பட்டது. வேட்டி அணிந்து பழகியவர் காற்சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்தார். அக்கோலத்தைத் தாய் கோமளத்தம்மாளும் மனைவி ஜானகியும் காணாதவாறு, அவர்கள் முன்னரே கும்பகோணத்திற்கு அனுப்பப்பட்டனர். குடுமியை இழந்த தம் தலையை அன்று அவர் எத்தனை முறை தடவிப் பார்த்திருப்பாரோ!

மார்ச்சு 17 அன்று ‘நெவாசா’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. ஏப்பிரல் 14 அன்று இலண்டனை அடைந்தது. அங்கு நெவில் தம் உடன்பிறந்தாருடன் மகிழுந்தில் வந்து காத்திருந்தார். இலண்டனில் புதிதாக வந்திறங்கும் இந்திய மாணவர்க்கென ஒரு விடுதி இருந்தது. அங்குச் சில நாள் தங்கியபின், ஏப்பிரல் 18 அன்று நெவில் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜில் உள்ள தம் இல்லத்திற்கே அழைத்துச் சென்றார்.

செஸ்டர்ட்டன் சாலையில், கேம் ஆற்றுக்கு அப்பால் இருந்தது அவ்வில்லம். நெவிலுக்கு அப்போது வயது 25. விருந்தினரைவிட ஓராண்டு இளையவர். அவருக்கும் ஆலிசு அம்மையாருக்கும் முந்திய ஆண்டில்தான் திருமணம் நடந்திருந்தது. ஊனுணவை அறவே விலக்கும் ஒருவரை, அவரது வழக்கங்கள் எவற்றையும் அறியாத இளந்தம்பதியர் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டனர். இஃது எளிய செயலன்று.

விருந்தினரின் இன்னல்களோ மிகச் சிறியவை. சிறியவையாதலால் வெளியே சொல்லக் கூசுபவை. காய்கறி உணவு கிடைத்தது. ஆனால் அது அவருக்குப் பழக்கமில்லாத சமையல். 26 ஆண்டுகள் தடையின்றி நடந்து பழகிய கால்களை இறுகிய தோல் காலணி வருத்தியது. வீட்டினுள் செருப்பணிந்து அவர் ஆறுதல் கொண்டார். இவ்வருத்தங்களுக்கிடையிலும் அவர் மகிழ்ச்சியோடே இருந்தார் என நெவில் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தாம் எழுதும் கணிதத்தைப் புரிந்துகொண்டு உரையாடுவோர் சூழ வாழ்வது அவருக்கு வாழ்வில் அதுவே முதன்முறை. நெவிலும் ஹார்டியும் செருக்கற்றவர்கள், அன்புடன் உதவுபவர்கள் என்று ஊர் நண்பருக்கு அவரும் எழுதினார்.

சூன் மாதத் தொடக்கத்தில் இராமானுஜன் திரினிட்டி கல்லூரி அறைக்குக் குடிபுகுந்தார். கல்லூரிக்கு வெளியே தங்குவது தமக்கும் பேராசிரியர்களுக்கும் வசதியன்று என்பதே அவர் கூறிய காரணம். அறையிலேயே தாமே சமைத்து உண்டார். சூலை இறுதியில் முதல் உலகப்போர் மூண்டது. நெவில் இல்லத்தில் அவர் இருந்தது இளவேனிற் காலம். கல்லூரி அறையிலோ கடுங்குளிரைத் தனியே எதிர்கொள்ள நேர்ந்தது.

அந்நாளில் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் பயின்ற வங்க மாணவர் மகலனோபிசு ஒருநாள் அவரைக் காணச் சென்றார். இராமானுஜன் கணப்படுப்பின் அருகே அமர்ந்திருந்தார். இரவில் குளிர்கிறதா என்று நண்பர் கேட்டார். மேலங்கியை அணிந்து, அதன்மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு உறங்கியும் குளிர் தாங்கவில்லை என்று விடை வந்தது. போர்வைகள் போதவில்லையோ என ஐயுற்ற மகலனோபிசு படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிப் போர்வைகள் பல இருந்தன!

அந்நாட்டு வழக்கப்படி அவை மெத்தையின் விளிம்புகளில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. உறைக்குள் மடல் நுழைவதுபோல, போர்வையை விலக்கி அதனுள் நுழைந்து படுக்க வேண்டும். பாயை விரித்து, படுத்தபின் போர்த்திக்கொள்ளும் ஊரிலிருந்து சென்றவருக்கு இது தெரியவில்லை. கம்பளிகளின் மேலேயே படுத்து, மெல்லிய விரிப்பை மட்டும் போர்த்திக் குளிரில் நடுங்கியிருக்கிறார். எவரையும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தோன்றவில்லை போலும்!

மகலனோபிசு நகைக்கவில்லை. போர்வைகளை விலக்கி, உள்ளே நுழையும் முறையைக் காட்டினார். இராமானுஜன் நெகிழ்ந்துபோனார்.

(இந்த மகலனோபிசு பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதன் கிளை பெங்களூருவில் மைசூரு சாலையில் உள்ளது.)

சொல்லும் பொருளும்

களைதல் – நீக்குதல்
கணப்படுப்பு – குளிர்காய நெருப்பு மூட்டும் இடம்
இளவேனில் – சித்திரை, வைகாசித் திங்கள்கள்
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்

பயிற்சி

1. தாயும் மனைவியும் முன்னரே கும்பகோணம் அனுப்பப்பட்டது ஏன்?

2. ‘சிறியவையாதலால் வெளியே சொல்லக் கூசுபவை’ – இத்தொடரைப் பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.

3. உங்கள் பெற்றோர் அல்லது தாத்தா, பாட்டி பெங்களூருவுக்கு வந்த முதல் வாரத்தில் யார் வீட்டில் தங்கினர்? அவர்களிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.

4. உங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவர் கேட்கத் தயங்கக்கூடிய மூன்று செய்திகளை எழுதுக. அவர் கேட்குமுன் அவற்றை எவ்வாறு தெரிவிப்பீர்கள்?