குழையும்வரை திருத்தலாம்

பாலிமர் களிமண் என்ற பெயரில் ‘களிமண்’ இருக்கிறது. ஆனால், அதில் மண் இல்லை. குயவர் பயன்படுத்தும் களிமண்ணில் நீர் கலந்திருக்கும். நீர் வற்றியதும் அது இறுகும். சூளையின் கடும் வெப்பத்தில் மட்பாண்டமாக மாறும். பாலிமர் களிமண்ணோ பிவிசி என்னும் நெகிழியின் நுண்ணிய துகள்களால் ஆனது. தண்ணீர்க் குழாய்கள் பலவும் இதே நெகிழியால்தான் செய்யப்படுகின்றன. துகள்கள் குழைவாக இருப்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு திரவத்தையும், நிறத்திற்காக நிறப்பொடியையும் அதில் சேர்ப்பார்கள். நீர் இல்லாததால், ஓரிரவு மேசைமேல் வைத்திருந்தாலும் இது காய்ந்து இறுகிவிடாது. ஓவனில் சுட்டால்தான் கெட்டியாகும்.

இக்கைவினைப் பொருள் உருவான கதை சுவையானது. ஜெர்மனியைச் சேர்ந்த கேத்தே குரூசே பெயர்பெற்ற பொம்மைத் தயாரிப்பாளர். பொம்மைத் தலைகள் செய்வதற்காக இத்தகைய ஒரு பொருள் அவரிடம் வந்தது. அவ்வேலைக்கு அது ஒத்துவரவில்லை. அவருடைய மகள் சோபி அதை ஒதுக்கிவிடாமல், சிறு அலங்காரப் பொருள்கள் செய்யப் பயன்படுத்திப் பார்த்தார். பின்னர், 1964ஆம் ஆண்டில் எபர்ஹார்டு ஃபாபர் என்ற நிறுவனம் அதன் உரிமையைப் பெற்றது. அது ‘ஃபீமோ’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அப்பெயரின் முதற்பகுதி சோபியின் செல்லப்பெயரான ‘ஃபீஃபீ’யிலிருந்து பிறந்தது.

இன்று பாலிமர் களிமண்ணால் காதணி, சாவிக்கொத்து, மணிமாலை எனப் பலவற்றைச் செய்கிறார்கள். நம் வட்டாரத்தில் நாசி லெமாக், ரொட்டி சானாய் போன்ற உணவுகளின் குட்டி உருவங்களுக்குத் தனி வரவேற்பு உண்டு. புதிதாகக் கற்பவர் நாசி லெமாக்கில் தொடங்கினால், சோற்றுப் பருக்கைகளை உருட்டுவதிலேயே சலிப்படைந்துவிடலாம். அடுக்கடுக்காக இருக்கும் குவே லாப்பிஸ் எளிது. தேய்த்தல், அடுக்குதல், வெட்டுதல் ஆகிய மூன்று அடிப்படைத் திறன்களையும் அது கற்றுத்தரும்.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. வழவழப்பான தரை ஓடு ஒன்று, உருண்டையான கண்ணாடிப் போத்தல், கூரிய கத்தி, பல்குச்சி, நான்கு ஐஸ்கிரீம் குச்சிகள் ஆகியவை போதும். ஆனால், இவ்வேலைக்குப் பயன்படுத்திய பொருள்களை மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது.

முதலில் களிமண்ணைப் பிசைந்து பதப்படுத்த வேண்டும். பொட்டலத்திலிருந்து எடுத்ததும் அது உதிர்வதுபோல் இருக்கலாம். சிறு துண்டுகளாக்கி, கைச்சூட்டில் சில நிமிடங்கள் பிசைந்தால் இளகிவிடும். நம் வெப்பமான பருவநிலையில் சில வேளைகளில் அது அளவுக்கு மீறி இளகிக் கையில் ஒட்டும். அப்போது சிறிது நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். வெள்ளைக் களிமண்ணில் தூசியும் பிற நிறங்களும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். எனவே, வெள்ளையை முதலில் பிசைய வேண்டும். நிறம் மாற்றும்போதெல்லாம் கைகளைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சை ஆகிய மூன்று நிறங்களையும் தனித்தனித் தகடுகளாகத் தேய்க்க வேண்டும். களிமண்ணின் இருபுறமும் ஐஸ்கிரீம் குச்சிகளை வைத்து, அவற்றின்மேல் போத்தலை உருட்டினால், தகடு குச்சியின் கனத்திற்கே, ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கு, ஒரே சீராக அமையும். தகடுகளை ஒரு முனையிலிருந்து மெதுவாகப் படியவைத்து அடுக்கினால் இடையே காற்று சிக்காது. அடுக்கிய கட்டியைக் குளிரவைத்தபின் கத்தியை நேராக அழுத்தி வெட்ட வேண்டும். சாவி வளையத்திற்கான துளையைப் பல்குச்சியால் இப்போதே இட்டுவிட வேண்டும்.

பெரும்பாலும் முதல் முயற்சியில் அடுக்குகள் நழுவும், ஓரங்கள் நசுங்கும். அதனால் களிமண் வீணாகிவிடாது. மூன்று நிறங்களும் கலந்து மங்கிப்போனாலும், அதை உருட்டித் தேய்த்து வெட்டப் பழகலாம்.

சுடுவது பெரியவர் ஒருவர் உடனிருந்து செய்ய வேண்டிய வேலை. வெப்பநிலை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடும். பல வகைகளுக்கு 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரை தேவைப்படும். 6 மில்லிமீட்டர் கனத்திற்கு ஏறத்தாழ 30 நிமிடங்கள் ஆகும். பொட்டலத்தில் உள்ள குறிப்பே இறுதியானது. ஓவனின் குமிழ் காட்டும் வெப்பமும் உள்ளே இருக்கும் வெப்பமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே, ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி பயன்தரும். வெப்பமோ நேரமோ குறைந்தால், பொருள் பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் எளிதில் உடைந்துவிடும். வெப்பம் அளவு மீறினால் நிறம் கருகும். கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அவ்வாறு புகைந்தால் ஓவனை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, அறையைவிட்டு வெளியேற வேண்டும். நுண்ணலை அடுப்பில் இதைச் சுடவே கூடாது.

“சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா?” என்பது பழமொழி. சுட்ட பாலிமர் களிமண்ணின்மேல் புதிய களிமண்ணைச் சேர்த்து மீண்டும் சுடலாம்; உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றவும் செய்யலாம். ஆனால், சுட்டதை மறுபடியும் பிசைய முடியாது. அது நெகிழி, மண்ணில் புதைத்தாலும் எளிதில் மக்காது. நாம் சலிப்புற்று வீசிய பிறகும் அது நெடுங்காலம் எங்கோ கிடக்கும்.

ஆகவே, ஓவனைத் திறப்பதற்கு முன் செய்த பொருளை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். விரல்தடம் இருக்கிறதா? துளை சரியாக உள்ளதா? எல்லாவற்றுக்கும் மேலாக, இதை யாராவது பல ஆண்டுகள் வைத்திருக்க விரும்புவார்களா? ‘இல்லை’ என்று தோன்றினால், தயங்காமல் உருட்டி மீண்டும் தொடங்குங்கள். ஐந்து முறை செய்து ஒன்றை மட்டும் சுட்டாலும், மற்ற நான்கில் பெற்ற பயிற்சி உங்கள் விரல்களில் தங்கியிருக்கும்.